மைக்கை விட்டு வந்த பிறகு எதை விற்பது?

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் எஃப்எம்மில் 12 வருடமாக ஆர்ஜேவாக இருக்கிறேன். அதில் 8 வருடம் காலை நிகழ்ச்சி. வயது 37. சம்பளம் 62,000 ரூபாய். வீட்டுக்கு என் பங்காக மாதம் 40,000 தர வேண்டும், மீதியைக் கணவர் பார்த்துக்கொள்கிறார். சேமிப்பு 9 லட்சம். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒலிப்பதிவு ஸ்டூடியோ தொடங்கி விளம்பரம், வாய்ஸ் ஓவர், குரல் பயிற்சி, கூடவே ஓர் இணைய வானொலி எல்லாம் செய்ய ஆசை. என் நிகழ்ச்சிக்கு வெகுநாளாக விளம்பரம் தரும் நகைக்கடை உரிமையாளர் ஒருவர், "40 லட்சம் போடுகிறேன், 51 சதவீதப் பங்கு கொடுங்கள்" என்கிறார். தெருவில் வாயைத் திறந்தாலே குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆனால் மைக் போன பிறகு என்னை யார் தேடுவார்கள் என்று நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை. வேலையை விடலாமா, வேண்டாமா?
– மதுரை வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விடலாம். ஆனால் உடனே வேண்டாம், அந்த 40 லட்சத்தோடும் வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நானும் எஃப்எம்மில் இருந்து வெளியே வந்து, இன்று சென்னையில் விளம்பர ஒலிப்பதிவு நிறுவனம் நடத்துகிறவள்தான். அதனால் நீங்கள் எழுதாமல் விட்டதும் எனக்கு ஓரளவு புரிகிறது.

முதலில் அந்தப் பயம். அது நியாயமான பயம்தான். தெருவில் உங்களைக் குரலை வைத்துக் கண்டுபிடிக்கிறார்களே, அந்தப் புகழில் உங்கள் பங்கு எவ்வளவு, நிலையத்தின் பங்கு எவ்வளவு என்று நிதானமாகப் பிரித்துப் பாருங்கள். கோபுரமும் அலைவரிசையும் நிலையத்துடையவை. உங்கள் இரண்டு லிங்க்குக்கு, அதாவது பேச்சுத் துண்டுகளுக்கு, நடுவே ஓடிய பாட்டுகளுக்கு உரிமக் கட்டணம் கட்டியது நிலையம். காலை 7 மணி என்ற நேரத்தைக் கொடுத்ததும் அவர்கள்தான். விளம்பரதாரரைப் பிடித்து, ஆர்ஓ என்ற விளம்பர ஆணை வாங்கி, பில் போட்டு, பணம் வசூலித்தது சேல்ஸ் டீம். நீங்கள் வெளியே வரும் நாளில் இவை எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். குரல் மட்டும் உங்களோடு வரும். அந்தக் குரலை விற்றுத் தொழில் நடத்தலாம் என்று நீங்கள் கணக்குப் போடுவது கடிதத்தில் தெரிகிறது. நான் மாறுபடுவது அந்த இடத்தில்தான்.

குரலோடு இன்னொன்றும் உங்களோடு வருகிறது. 12 வருடம் ஒரே ஊரைப் பார்த்துப் பேசிப் பழகிய காது. 30 விநாடி ஸ்பாட்டில், அதாவது வானொலி விளம்பரத்தில், ஐம்பது, அறுபது சொல்லுக்கு மேல் போட்டால் கேட்கிறவருக்கு மூச்சு முட்டும் என்று உங்களுக்குத் தெரியும். கடைக்காரரோ கடைப் பெயர், மூன்று கிளை, இரண்டு போன் நம்பர், பார்க்கிங் வசதி, தீபாவளி வாழ்த்து என்று எல்லாவற்றையும் அதற்குள் திணிக்கச் சொல்வார். ஸ்கூட்டரில் போகிறவர் போன் நம்பரைக் குறித்துக்கொள்ள மாட்டார், ஆனால் 'விளக்குத்தூண் பக்கத்தில்' என்றால் மறக்க மாட்டார் என்று அவரிடம் எடுத்துச் சொல்லி, பாதியை வெட்ட உங்களால் முடியும். காலை 7.40க்குப் பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டுகிற அம்மாவிடம் சிரித்துப் பேசலாம், கத்திப் பேசக்கூடாது என்று தெரியும். கே.கே. நகரில் எடுபடும் வசனம் மேலூரில் எடுபடாது என்றும் தெரியும். இதைப் படித்து வாங்க முடியாது.

இந்த அறிவுக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. இதை வேறொருவர் குரலில் வைத்தும் விற்கலாம். உங்களுக்குச் சளி பிடித்த வாரத்திலும் அது சம்பாதிக்கும். உங்கள் தொண்டை மட்டுமே சரக்கு என்றால், நீங்கள் படுத்தால் கடையும் படுத்துவிடும். அதனால் முதல் வருடத்திலேயே உங்களைத் தவிர ஆறேழு குரல்களைத் தேடிப் பிடியுங்கள். நாடகக்காரர் ஒருவர், கல்லூரி மாணவி ஒருத்தி, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கட்டைக் குரலில் பேசும் ஒரு பெரியவர், குழந்தைக் குரல் ஒன்று. பதிவு முடிந்த அன்றைக்கே அவர்களுக்குக் காசு கொடுங்கள். நம் ஊரில் குரல் கொடுப்பவருக்கு மூன்று மாதம் கழித்துத்தான் பணம் வரும். நீங்கள் உடனே தருகிறீர்கள் என்று தெரிந்தால் நல்ல குரல்கள் தாமாகவே உங்களிடம் வரும்.

இப்போது இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. போனில் 'தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்' என்று சொல்வது, பஸ் அறிவிப்பு, அலுவலகப் பயிற்சி வீடியோ போன்ற வேலைகள்தாம் இதுவரை தனியாகக் குரல் கொடுப்பவர்களின் அன்றாட வருமானம். அந்த வேலை வேகமாகக் கணினிக் குரலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இனிமேல் நீங்கள் குரல் கொடுக்கும் ஒவ்வொரு வேலைக்கும், 'இந்தப் பதிவை இந்த விளம்பரத்துக்கு, இத்தனை மாதத்துக்கு, இந்த ஊடகத்தில் மட்டும் பயன்படுத்தலாம்; செயற்கைக் குரல் உருவாக்கப் பயன்படுத்தக்கூடாது' என்று ஒரு வரி எழுத்தில் இருக்கட்டும். 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்கின் குரலைச் செயற்கையாக உருவாக்குவதற்கு எதிராக பாம்பே உயர் நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்பு அளித்தது. ஆனால் அவரளவுக்கு வழக்கு நடத்த நம்மால் ஆகாது. நமக்கு அந்த ஒரு வரிதான் துணை.

வானொலிக்காரர் தொழிலுக்கு வருவது ஒன்றும் புதிதில்லை. இந்திப் பாட்டு நிகழ்ச்சியால் புகழ்பெற்ற வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானியை எடுத்துக்கொள்ளுங்கள். 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தபோது அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு குறைந்துபோனது. கேட்கிறவர்கள் கொழும்பிலிருந்து வந்த ரேடியோ சிலோனுக்குத் திரும்பினார்கள். அந்த டிசம்பரில் ஒரு பற்பசைக் கம்பெனியின் தயவில் சயானி தொகுத்த பினாக்கா கீத்மாலா நிகழ்ச்சி அங்கே தொடங்கியது. நிகழ்ச்சியை பம்பாயில் பதிவுசெய்து, டேப்பை விமானத்தில் கொழும்புக்கு அனுப்புவார்கள். கோபுரம் இலங்கையுடையது, பாட்டு ரெக்கார்டு கம்பெனியுடையது, காசு பற்பசைக்காரருடையது. இந்த மூன்றையும் சேர்த்து, வாரம் தவறாமல் ஜனங்களை உட்காரவைக்கும் நிகழ்ச்சியாக்கத் தெரிந்தது அவருக்கு. 2024 பிப்ரவரியில் 91 வயதில் அவர் காலமானபோது எல்லாரும் அந்தக் குரலைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்கு அவர் தயாரித்த ஆயிரக்கணக்கான விளம்பரங்களும் ஸ்பான்சர் நிகழ்ச்சிகளும்தான் நினைவுக்கு வந்தன. அவர் ஒரு தயாரிப்பாளர். நீங்களும் அதைத்தான் ஆக வேண்டும்.

சரி, நகைக்கடை உரிமையாளருக்கு வருவோம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் வேண்டாம் என்கிறேன். 51 சதவீதம் அவர் கையில் போன நாளிலேயே நீங்கள் மறுபடி சம்பளக்காரர். எஃப்எம்மிலாவது பிஎஃப் இருந்திருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மதுரையில் எத்தனை நகைக்கடை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நகைக்கடையின் ஸ்டூடியோ என்று பெயர் விழுந்துவிட்டால் மற்ற ஒருவரும் படியேற மாட்டார். ஆடித் தள்ளுபடிக்கு என்ன சலுகை, அட்சய திருதியைக்கு என்ன விலை என்பதையெல்லாம் ஒரு வாரம் முன்னாடியே உங்களிடம் சொல்லித்தான் ஸ்பாட் எடுக்க வேண்டும். போட்டிக்காரர் பங்குதாரராக இருக்கும் இடத்தில் அதை யார் சொல்வார்கள்? நகைக்கடை மட்டுமில்லை, அவருடைய சொந்தக்காரர் ஜவுளிக்கடை வைத்திருந்தால் ஜவுளியும் போச்சு.

அவரிடம் முகம் முறிக்காமல் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணாச்சி, என்மேல் நீங்கள் வைத்த நம்பிக்கைக்கு நன்றி. பங்காளியாக வேண்டாம், முதல் வாடிக்கையாளராக இருங்கள். நான் வெளியே வந்த பிறகு, உங்கள் கடைக்கு வருடம் முழுக்க எல்லா ஆடியோ வேலையும் செய்து தருகிறேன். அதற்கு வருட ஒப்பந்தம் போட்டு மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கொடுங்கள்." உண்மையிலேயே உங்கள் வேலையில் நம்பிக்கை இருந்தால் இதற்குச் சம்மதிப்பார். மறுத்தால், அவர் வாங்க நினைத்தது உங்கள் பெயரை என்று புரிந்துகொள்ளலாம்.

40 லட்சம் இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். உங்கள் 9 லட்சத்தை நான் இப்படிப் பிரிப்பேன். வீட்டுக்கு மாதம் 40,000 வீதம் ஆறு மாதத்துக்கு 2.40 லட்சம். இதை வங்கியில் தனி வைப்பாகப் போட்டுத் தொடாமல் வையுங்கள். அறைக்கும் கருவிக்கும் 2.50 லட்சம், அதற்கு மேல் ஒரு ரூபாய் வேண்டாம். மீதி 4.10 லட்சம் தொழில் நடத்த. வாடகை 12,000, ஒரு எடிட்டருக்குச் சம்பளம் 22,000, மின்சாரம், இணையம், பெட்ரோல், சில்லறைச் செலவு 11,000 என்று வைத்தால் மாதம் 45,000 ஆகிறது. வருமானமே வராவிட்டாலும் ஒன்பது மாதம் ஓடும். வீட்டுப் பங்கையும் சேர்த்தால் மாதம் 85,000 வந்தாக வேண்டும். மூன்று இடத்தில் மாதம் 20,000 வீதம் வருட ஒப்பந்தம் கிடைத்தால் 60,000. மீதி 25,000க்கு அவ்வப்போது வரும் வேலை. வாடகையும் சம்பளமும் உங்கள் பகுதியில் கூடக் குறைய இருக்கலாம், எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஆனால் இந்த மூன்று பைகளையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

இதோடு கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை வரும். நீங்கள் நிரந்தர ஊழியராக இருந்தால், கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 12 வருடத்தால் பெருக்குங்கள். அடிப்படை 31,000 என்றால் ஏறக்குறைய 2.15 லட்சம். 30 நாளுக்குள் தர வேண்டும். ஆனால் பல நிலையங்களில் ஆர்ஜேக்களை ஆலோசகர் என்ற பெயரில் ஒப்பந்தத்தில் வைத்திருப்பார்கள், அவர்களுக்கு இது கிடைக்காது. உங்கள் சம்பளச் சீட்டில் பிஎஃப் பிடித்தம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பிஎஃப் பணத்தைத் தொழிலில் போடாதீர்கள், அது அங்கேயே வட்டியோடு இருக்கட்டும். அலுவலகத்தின் குழு மருத்துவக் காப்பீடு நீங்கள் வெளியேறும் நாளோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி உண்டு, ஆனால் விலகுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, முதல் வருடத்திலேயே ஓர் ஆபரேஷனில் கைமுதல் முழுவதையும் இழந்தவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள்.

ஸ்டூடியோ என்றதும் பெரிய மிக்ஸர், கண்ணாடித் தடுப்பு, விளக்கு என்று மனம் ஓடும். எஃப்எம்மில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது இயல்பு. உங்களுக்கு வேண்டியது பத்துக்குப் பன்னிரண்டடியில் அமைதியான ஓர் அறை. மெயின் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே, கல்யாண மண்டபமும் வெல்டிங் பட்டறையும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பாருங்கள். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் வெளிச் சத்தம் நிற்காது. அறைக்குள் எதிரொலிப்பதைக் குறைப்பது வேறு, வெளிச் சத்தத்தைத் தடுப்பது வேறு. முதலாவதற்கு ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) அடைத்த துணிப் பலகைகள் போதும். இரண்டாவதற்குக் கனமான கதவும், இடுக்கில்லாமல் அடைக்கும் ரப்பர் பட்டையும் வேண்டும். மைக் வாங்கும்போது, அறை முழுசாகத் தயாராகும்வரை நல்ல டைனமிக் மைக்கே போதும். விலை உயர்ந்த கண்டென்சர் மைக் பக்கத்து வீட்டு மிக்ஸியையும் சேர்த்துப் பதிவு செய்யும்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயம். பணம் வசூலிப்பது. 12 வருடமாக உங்கள் சம்பளம் முதல் தேதியில் வந்துவிட்டது. விளம்பரதாரர் நிலையத்துக்கு எப்போது கொடுத்தார், எத்தனை தடவை அலையவிட்டார் என்பது உங்கள் காதுக்கு வந்திருக்காது. இனிமேல் "அடுத்த வாரம் பார்க்கலாம்மா" என்பதை நேரடியாகக் கேட்கப் போகிறீர்கள். அதுவும் உங்கள் ரசிகர்கள் வாயிலிருந்தே கேட்பீர்கள். "என் பிள்ளைகளெல்லாம் உங்கள் விசிறி" என்று சொல்கிறவரிடம் பாக்கியைக் கேட்க நாக்கு எழாது. கேட்டுத்தான் ஆக வேண்டும். அல்லது கேட்பதற்கென்றே பகுதி நேரத்தில் ஒருவரை வையுங்கள். பாதிப் பணம் முன்னால், மீதி இறுதிப் பதிவைக் கொடுக்கும்போது. சம்மதம் வாங்க அனுப்பும் மாதிரிப் பதிவின் நடுவில் 'மாதிரி' என்று ஒரு குரல் கேட்கட்டும். பணம் வந்த பிறகு சுத்தமான பதிவு போகட்டும். இதை முதல் நாளிலிருந்தே எல்லாருக்கும் ஒரே விதியாக வைத்தால் யாரும் மனம் நோக மாட்டார்கள். ஒருவருக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும்.

சட்டமும் கொஞ்சம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆதாரும் பான் அட்டையும் வைத்து உத்யம் என்ற சிறு நிறுவனப் பதிவைச் செய்யுங்கள். அது இலவசம், இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதி 45 நாளைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்துக்கு மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. இதற்கு மேல், உரிய காலத்தில் தராத தொகையை, தந்த வருடத்தில்தான் வாங்கியவர் தன் வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். அதனால் உத்யம் எண்ணைப் பில்லின் தலைப்பிலேயே அச்சிடுங்கள். கடைக்காரர் கவனிக்காவிட்டாலும் அவருடைய ஆடிட்டர் கவனிப்பார்.

வருமானம் வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டும்போது ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும். விளம்பரத் தயாரிப்புக்கு 18 சதவீதம். அப்புறம், கம்பெனிகள் டிடிஎஸ் என்ற வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் பணம் தரும். தொழில்முறைக் கட்டணம் என்று பில் போட்டால் 10 சதவீதம், விளம்பர வேலை ஒப்பந்தம் என்றால் தனிநபருக்கு 1 சதவீதம். பில்லில் என்ன எழுதுவது என்று ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மாதம் 85,000 வேண்டும் என்றிருக்கும்போது பத்தில் ஒரு பங்கு அடுத்த வருட ரீஃபண்டுக்காகக் காத்திருந்தால் கைமுதல் கரைந்துவிடும்.

தேர்தல் வேலை கட்டாயம் தேடி வரும். ஆட்டோவில் ஓடும் பிரசாரம், வேட்பாளர் பாட்டு, போனில் வரும் குரல் பதிவு. நல்ல காசு. ஆனால் முழுப் பணத்தையும் முன்னால் வாங்கிக்கொள்ளுங்கள், தேர்தல் முடிவு வந்த பிறகு தோற்றவர் போனை எடுக்க மாட்டார். வானொலி விளம்பரத்துக்கும் மொத்தமாக அனுப்பும் குரல் செய்திகளுக்கும் தேர்தல் ஆணையத்தின் ஊடகச் சான்றளிப்புக் குழுவிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். அது வேட்பாளரின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தக் குரலை எந்தக் கட்சிக்கும் கொடுக்காதீர்கள் என்பது என் கருத்து. வேறு குரல்கள் இருப்பது இதற்கும் உதவும்.

இணைய வானொலி ஆசையை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். சினிமாப் பாட்டு இல்லாமல் யார் கேட்பார்கள் என்று தோன்றும். பாட்டு போட வேண்டுமென்றால் இசை நிறுவனங்களிடமும், பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைகளைக் கவனிக்கும் ஐபிஆர்எஸ் சங்கத்திடமும் உரிமம் வாங்க வேண்டும். நிலையம் வாங்கிய உரிமம் உங்கள் பின்னால் வராது. அந்தச் செலவைத் தாங்கும் வருமானம் ஒரு புது இணைய வானொலிக்கு வருவது கடினம். சமுதாய வானொலி தொடங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்எம் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டில் நல்ல சமுதாய வானொலிகள் இருக்கின்றன. ஆனால் அந்த உரிமம் கல்வி நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள் போன்ற லாப நோக்கில்லாத அமைப்புகளுக்குத்தான். மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போட அனுமதி உண்டு, ஆனாலும் அது தனி மனிதர் தொழில் நடத்தும் வழி கிடையாது. அவர்களுக்கு நிகழ்ச்சி தயாரித்துக் கொடுக்கலாம், பயிற்சி கொடுக்கலாம். அது நல்ல வேலை.

குரல் பயிற்சியைப் பொறுத்தவரை, முதல் ஆறு மாதம் வேண்டாம். 'ஆர்ஜே ஆகலாம் வாங்க' என்று போர்டு வைத்தால் கூட்டம் வரும், அது உண்மைதான். ஆனால் எத்தனை ஆர்ஜே வேலை இன்று காலியாக இருக்கிறது என்று நம் இருவருக்கும் தெரியும். கிடைக்காத வேலைக்காகப் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆசிரியர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் மேடையில் பேசப் பயப்படுகிறவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். அவர்களுக்கு அடுத்த நாளே பயன்படும்.

வெளியேறும் முறை முக்கியம். உங்கள் வேலை ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வேலையை விட்ட பிறகும் இதே தொழில் செய்யக்கூடாது என்று அதில் எழுதியிருந்தால், 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி அது பொதுவாகச் செல்லாது. ஆனால் வேலையில் இருக்கும்போது போட்டியாகத் தொழில் செய்வதும், நிலையத்தின் விளம்பரதாரர் பட்டியலையோ கட்டண விவரத்தையோ எடுத்துப்போவதும் வேறு விஷயம். அதைச் செய்யாதீர்கள். நிகழ்ச்சியின் பெயர் அவர்களுடையது. பழைய பதிவுகளும் பெரும்பாலும் அவர்களுடையவைதான். உங்கள் வேலையைக் காட்ட நாலைந்து பகுதிகள் வேண்டுமென்று மின்னஞ்சலில் கேளுங்கள், நல்ல முறையில் கேட்டால் தருவார்கள். ரசிகர்கள் பின்தொடரும் சமூக ஊடகக் கணக்கில் நிலையத்தின் பெயர் சேர்ந்திருந்தால் அதை ஒப்படைத்துவிட்டு, சொந்தப் பெயரில் இப்போதே ஒன்று தொடங்குங்கள். காற்றில் நீங்கள் பயன்படுத்தும் பெயர் யாருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். உங்களுடையது என்றால் வணிக முத்திரையாகப் பதிவுசெய்ய ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். விளம்பரத்துக்கு 35ஆம் வகுப்பு, பொழுதுபோக்கு, பயிற்சிக்கு 41ஆம் வகுப்பு.

நிலையத்தோடு கைகுலுக்கிவிட்டு வாருங்கள். நாளைக்கு நீங்கள் தயாரிக்கும் ஸ்பாட் அதே அலைவரிசையில்தான் ஓடப்போகிறது.

கடைசியாக, யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைக்கும் ஒன்று. வெளியே வந்த முதல் சில வாரங்களில் விடியற்காலை நாலரைக்குத் தானாகவே விழிப்பு வரும். போக இடம் இருக்காது. உங்கள் நேரத்தில் வேறொரு பெண் பேசுவாள், நன்றாகவும் பேசுவாள். பார்க்கிறவர்களெல்லாம் "இப்போ ரேடியோவில் வர்றதில்லையா?" என்று கேட்பார்கள். வானொலியில் ஒரு லிங்க் பேசி முடித்ததும் போன் லைன்கள் மின்னும், அப்போதே தெரிந்துவிடும் எடுபட்டதா இல்லையா என்று. தொழிலில் ஒரு கொட்டேஷன் அனுப்பினால் பத்து நாள் பதிலே வராது. அந்த மௌனத்தை உங்கள் மேல் உள்ள வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடைக்காரருக்குப் படிக்க நேரமில்லை, அவ்வளவுதான். போய் நில்லுங்கள். மதுரைக் கடைத்தெருவில் முதலாளி நிதானமாகப் பேசுவது ராத்திரி ஒன்பதரைக்குக் கல்லாவை எண்ணி முடித்த பிறகுதான். காலை நேரம் வீட்டுக்குத் திரும்பக் கிடைக்கும், மாலை நேரம் போய்விடும். இதைக் கணவரோடு இப்போதே பேசிக்கொள்ளுங்கள். பணக் கணக்கைவிட இந்த நேரக் கணக்கில்தான் பல வீடுகளில் சண்டை வருகிறது.

மேடை நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்கக் கூப்பிடுவார்கள். முதல் வருடம் போங்கள், அந்தப் பணம் உதவும். கேட்கிறவர்களோடு நேரடியாகப் பேசும் சந்தோஷமும் கிடைக்கும், அது இல்லாமல் நம்மைப் போன்றவர்களால் இருக்க முடியாது. ஆனால் ஆடி, புரட்டாசி, ஐப்பசி மாத வார இறுதிகளை மேடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த மாதங்களில் ஸ்டூடியோவில் இருக்க வேண்டும்.

தேதியை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கடைகள் தீபாவளி விளம்பரத்தை ஆவணியில் முடிவு செய்துவிடும், ஆடித் தள்ளுபடி ஜூலை நடுவில் தொடங்கிவிடும். ஆகவே ஜூன் கடைசியில் நீங்கள் வெளியே இருக்க வேண்டும். இரண்டு மாத நோட்டீஸ் என்றால் ஏப்ரலில் ராஜினாமா. அதற்கு முன்பு, வழக்கறிஞர் சரி என்றால், உங்கள் நிலையத்துக்கு விளம்பரமே தராத இடங்களுக்குப் போய்ப் பேசுங்கள். திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் உள்ள ஜவுளிக்கடைகள், விருதுநகர் மளிகை பிராண்டுகள், ஒரு மருத்துவமனை, ஒரு கல்லூரி. ஜூலையிலிருந்து வேலை தருகிறோம் என்று கையெழுத்தோடு இரண்டு கடிதமாவது மார்ச்சுக்குள் கையில் இருந்தால் ராஜினாமாவைக் கொடுங்கள். ஒன்றுதான் வந்திருக்கிறது என்றால், இன்னொரு தீபாவளியை எஃப்எம்மிலேயே செய்துவிட்டு அடுத்த ஏப்ரலில் மறுபடி பாருங்கள். அதற்குள் இன்னும் இரண்டு, மூன்று லட்சம் சேர்ந்திருக்கும், குரல்களையும் தேடி வைத்திருப்பீர்கள்.

அன்புடன்.